‘இன்சைடு அவுட் 2’: முன்கணிப்பு எங்கே தவறியது, எப்போது திருத்தியிருக்கலாம்

டிஸ்னியின் அனிமேஷன் பிரிவுகளில் ஒன்றான பிக்சார் நிறுவனத்தின் ‘இன்சைடு அவுட் 2’ 2024 ஜூன் 14 அன்று வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் முதல் வார இறுதி வசூல் எட்டுக் கோடி முதல் ஒன்பது கோடி டாலர் வரை இருக்கும் என்பதே அதற்கு முந்தைய வாரங்களில் திரைத்துறையில் நிலவிய பொதுவான மதிப்பீடு. கடைசி நாட்களில் சிலர் அதைச் சற்று உயர்த்தினர். மூன்று நாள் முடிவில் கிடைத்த தொகை 15.42 கோடி டாலர். அனிமேஷன் படங்களின் தொடக்க வசூலில் 2018இல் வெளியான ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’க்கு (18.27 கோடி) அடுத்த இடத்தை அது பிடித்தது. முந்தைய ஆண்டு ஜூலையில் ‘பார்பி’ வந்த பிறகு பத்துக் கோடிக்கு மேல் தொடங்கிய முதல் படமும் அதுதான். உலக அளவில் ஓட்டம் முடிந்தபோது மொத்த வசூல் 169.8 கோடி டாலராக நின்றது.

சிறிய பிழைகள் எல்லா முன்கணிப்பிலும் உண்டு. ஆனால் பல ஆண்டுத் தரவும், கட்டணம் பெற்றுக் கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனங்களும், அன்றாடம் இதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கும் ஒரு துறையில், வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன்புகூட உண்மையின் அறுபது விழுக்காட்டையொட்டியே மதிப்பீடு நின்றது என்றால், அந்தப் பிழை ஆராயத்தக்கது. இதை எதிர்பாராத அதிசயம் என்று விளக்கி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அன்று எல்லோர் கையிலும் இருந்த எண்களே ஒன்பது கோடி என்பது குறைவான மதிப்பீடு என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றை ஓரம்தள்ளிவிட்டு அண்மைக் காலத் தோல்விகளுக்கு அளவுக்கு மீறிய எடை கொடுத்ததுதான் பிழையின் வேர் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. (இனி இக்கட்டுரையில் வட அமெரிக்கா என்று வரும் இடங்களில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த சந்தை என்று கொள்க, தொகைகள் அனைத்தும் அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பில், விலைவாசி திருத்தம் இல்லாமல் தரப்பட்டவை.)

அன்றைய சூழல்

மதிப்பீட்டாளர்களின் தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் பிக்சாரின் மூன்று படங்கள், ‘சோல்’, ‘லூக்கா’, ‘டர்னிங் ரெட்’, அமெரிக்காவில் திரையரங்குகளுக்குப் போகாமல் டிஸ்னியின் ஓடிடி தளத்திலேயே நேரடியாக வெளியாயின. பிக்சார் படத்தை வீட்டிலேயே காத்திருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் குடும்பங்களிடம் வேரூன்றிவிட்டது என்ற கவலை அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. 2022 ஜூனில் வந்த ‘லைட்இயர்’ 5.06 கோடியில் தொடங்கி, உலகம் முழுவதும் சுமார் 22.6 கோடியோடு நின்றது. 2023 ஜூனில் வந்த ‘எலிமென்டல்’ 2.96 கோடியில் தொடங்கியது. பிக்சாரின் வரலாற்றில் மிகப் பலவீனமான தொடக்கங்களில் அது ஒன்று. 2024 மே மாதம் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 14 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 175 பேரை, பணியிலிருந்து விடுவித்தது.

சந்தையும் சோர்ந்து கிடந்தது. 2023இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தங்களால் பல படங்களின் வெளியீடு தள்ளிப்போயிருந்தது. 2024 மே மாத இறுதியில் வந்த அமெரிக்க நினைவு நாள் விடுமுறை வார இறுதி, சுமார் முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு வசூல் குறைந்த ஒன்றாக முடிந்தது. அந்த ஆண்டில் அதுவரை மிகப் பெரிய தொடக்கம் ‘டியூன்: பாகம் இரண்டு’ பெற்ற 8.25 கோடிதான். இப்படிப்பட்ட ஒரு ஜூன் மாதத்தில் ஒரு படத்துக்குப் பதினைந்து கோடி என்று எழுதிக் கையெழுத்திட யாருக்கும் துணிவு வராது என்பது மனித இயல்பு. ஆனால் துணிவு வராததும் சான்று இல்லாததும் ஒன்றல்ல.

கருத்துக்கணிப்பு எதை அளக்கிறது

திரைத்துறையில் டிராக்கிங் என்று அழைக்கப்படும் முறை, வெளியீட்டுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன் தொடங்குகிறது. படத்தின் பெயரைத் தாங்களாகவே சொல்பவர்கள் எத்தனை பேர், பெயரைச் சொன்னால் கேள்விப்பட்டிருக்கிறேன் என்பவர்கள் எத்தனை பேர், கட்டாயம் பார்ப்பேன் என்பவர்கள் எத்தனை பேர், வரப்போகும் படங்களில் இதுவே என் முதல் தேர்வு என்பவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகள் அதன் அடிப்படை. விடைகள் ஆண், பெண் என்றும், இருபத்தைந்து வயதுக்குக் கீழ், மேல் என்றும் நான்கு பிரிவுகளாகத் தொகுக்கப்படும். பிறகு, முன்பு இதே போன்ற மதிப்பெண் பெற்ற படங்கள் என்ன வசூலித்தன என்று பார்த்து ஒரு தொகை கணிக்கப்படும்.

இளைஞர்களுக்கான அதிரடிப் படத்துக்கு இந்த முறை ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது, ஏனெனில் கேள்விக்கு விடையளிப்பவரும் நுழைவுச்சீட்டு வாங்குபவரும் ஒருவரே. குடும்பப் படத்தில் நிலைமை வேறு. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று வீட்டில் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏழு வயதுக் குழந்தை. ஆனால் கருத்துக்கணிப்பில் கேட்கப்படுபவர் அந்தக் குழந்தையின் தாயோ தந்தையோ. அவரும் மூன்று வாரம் முன்னதாகவே முடிவெடுப்பதில்லை. பள்ளி விடுமுறை, வானிலை, வேறு அலுவல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலையில்தான் முடிவெடுக்கிறார். குடும்பம் ஒன்று வந்தால் மூன்று அல்லது நான்கு சீட்டுகள் விற்கும். ஆகவே பதிலளித்த ஒருவரின் மனமாற்றம் வசூலில் நான்கு மடங்காகப் பிரதிபலிக்கும். இதனால்தான் அனிமேஷன் படங்களின் மதிப்பீடு இரு பக்கமும் பெரிதாகத் தவறுகிறது. 2019இல் ‘டாய் ஸ்டோரி 4’ பதினான்கு கோடிக்கு மேல் தொடங்கும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டது, வந்தது 12.09 கோடி. அதே ஆண்டில் ‘தி லெகோ மூவி 2’ ஐந்து கோடியைத் தாண்டும் என்றார்கள், வந்தது 3.41 கோடி. எனவே கருத்துக்கணிப்பு எப்போதும் குறைத்தே காட்டும் என்று கொள்வது தவறு. அனிமேஷன் படத்துக்கு அது தரும் விடையைச் சுற்றிப் பெரிய ஐயப் பரப்பு உண்டு என்று கொள்வதே சரி.

‘இன்சைடு அவுட் 2’ விஷயத்தில் இன்னொரு கூட்டம் இந்த வலையில் முழுதாகச் சிக்கவில்லை. முதல் பாகம் 2015 ஜூன் 19 அன்று வெளியானது. அன்று எட்டு வயதாயிருந்த சிறுமிக்கு 2024இல் பதினேழு வயது. உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும் கதையிலும் ரைலி என்ற சிறுமி பதின்மூன்று வயதை எட்டுகிறாள். பதற்றம், பொறாமை, கூச்சம் போன்ற புதிய உணர்ச்சிகள் அவள் மனத்துக்குள் குடியேறுகின்றன. குழந்தைகளோடு வந்த பெற்றோரைத் தவிர, பெற்றோர் இல்லாமல் நண்பர்களோடு வரக்கூடிய பதின்பருவத்தினரும் இளைஞர்களும் இந்தப் படத்துக்குத் தனி ஒரு பார்வையாளர் தொகுதியாக இருந்தார்கள். ஒரு குழந்தைப் படத்தை ‘என் முதல் தேர்வு’ என்று கருத்துக்கணிப்பில் சொல்ல அவர்களில் பலர் தயங்கியிருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஆனால் அந்த ஆர்வம் வேறோர் இடத்தில் வெளிப்படையாகவே தெரிந்தது. 2023 நவம்பரில் வந்த முன்னோட்டக் காட்சி முதல் 24 மணி நேரத்தில் 15.7 கோடிப் பார்வைகளைப் பெற்றதாக டிஸ்னி அறிவித்தது. அதுவரை டிஸ்னியின் அனிமேஷன் படங்களில் முன்னிலையில் இருந்தது ‘ஃப்ரோசன் 2’ பெற்ற 11.6 கோடிப் பார்வைகள். இணையப் பார்வை எண்ணிக்கையை வசூலாக மாற்றும் நம்பகமான வாய்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் தன் வகையில் எல்லாச் சாதனைகளையும் முறியடித்த ஒரு குறியீட்டை, சராசரிக்கும் குறைவான தொகையை எழுதுபவர் விளக்கியாக வேண்டும். அன்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

பிக்சாரின் சொந்தக் கணக்கு

இந்த ஆய்வின் மையம் இதுதான். பெருந்தொற்றுக்கு முன் பிக்சார் எட்டு முறை தன் படங்களுக்கு அடுத்த பாகம் எடுத்தது. ஒவ்வொன்றிலும் புதிய படத்தின் வட அமெரிக்கத் தொடக்க வசூலை அதற்கு முந்தைய பாகத்தின் தொடக்க வசூலால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். ‘டாய் ஸ்டோரி 2’க்கு அது 1.97. மூன்றாம் பாகத்துக்கு 1.92, நான்காம் பாகத்துக்கு 1.10. ‘ஃபைண்டிங் டோரி’க்கு 1.92, ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’க்கு 1.32, ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’க்கு 2.59. ‘கார்ஸ் 2’ பெற்றது 1.10, ‘கார்ஸ் 3’ பெற்றது 0.81.

எட்டில் ஏழு, முந்தைய பாகத்தைவிட அதிகமாகவே தொடங்கின. எட்டு விகிதங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, அதாவது நடு மதிப்பு, 1.62. ‘இன்சைடு அவுட்’ முதல் பாகத்தின் தொடக்க வசூல் 9.04 கோடி, அதை 1.62ஆல் பெருக்கினால் 14.6 கோடி கிடைக்கிறது. உண்மையில் வந்த 15.42 கோடிக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் போதுமான இந்தக் கணக்கு, கருத்துக்கணிப்பைவிடப் பல மடங்கு நெருங்கி வந்தது.

எட்டுப் படங்கள் மிகச் சிறிய தொகுதி என்பதால், அந்த நெருக்கத்தில் தற்செயலின் பங்கும் உண்டு. சில எதிர்வாதங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து, பதினான்கு ஆண்டு இடைவெளியில் நுழைவுச்சீட்டின் விலை கணிசமாக உயர்ந்திருக்கும், 1.92 என்ற விகிதத்தில் ஒரு பகுதி வெறும் விலை உயர்வே. இடைவெளியின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒன்பது ஆண்டு இடைவெளியோடு வந்த ‘டாய் ஸ்டோரி 4’ தான் மிக நெருங்கிய ஒப்பீடு, அதன் 1.10ஐ எடுத்துக்கொண்டால் விடை பத்துக் கோடியையொட்டி வரும். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு தனிச் சுமை இருந்தது. மூன்றாம் பாகமே கதையை நிறைவாக முடித்துவிட்டது. பொம்மைகளின் சொந்தக்காரனான ஆண்டி அவற்றை இன்னொரு குழந்தையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, மேலும் ஒரு பாகம் தேவையா என்ற கேள்வி பார்வையாளர்களிடமே இருந்தது. ‘இன்சைடு அவுட்’ முதல் பாகமோ, ரைலியின் பருவமடைதலைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு குறிப்போடு, தொடர்வதற்கு இடம்விட்டே முடிந்தது.

வலுவான எதிர்வாதம் சந்தையின் சுருக்கம். 2019இல் 1,100 கோடி டாலருக்கு மேலிருந்த வட அமெரிக்க ஆண்டு வசூல் 2023இல் 890 கோடியையொட்டி இருந்தது. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்தக் குறைவை அப்படியே 14.6 கோடியின்மேல் ஏற்றினால் சுமார் 11.6 கோடி வரும். அதுகூட ஒன்பது கோடியைவிட மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும், சந்தை எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவில் சுருங்கவில்லை. 2023இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ படம் தன் முதல் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மட்டும் 14.6 கோடி ஈட்டியது. அதே ஆண்டில் ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ 12.07 கோடியில் தொடங்கியது. அதன் முதல் பாகம் 2018இல் தொடங்கியது 3.54 கோடியில், விகிதம் 3.4. மக்கள் திரையரங்குக்குப் போகும் தடவைகள் குறைந்தன; போகும்போது எல்லோரும் ஒரே படத்துக்குப் போகும் போக்கு கூடியது. நடுத்தரப் படங்கள் நசுங்கின, பெரிய படங்கள் முன்போலவே நின்றன. சராசரிச் சுருக்கத்தைப் பெரிய படத்தின்மேல் ஏற்றுவது, மெலிந்தவர்களின் எடையிழப்பைப் பருத்தவர் கணக்கில் கழிப்பதற்கு ஒப்பானது.

பொருந்தாத ஒப்பீடுகள்

‘லைட்இயர்’ படத்தை ஒப்பீடாக எடுத்தது ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் அடுத்த பாகங்களை மதிப்பிடும் எவரும் மீண்டும் மீண்டும் சந்திக்கும் கேள்வி இது. அந்தப் படம் ‘டாய் ஸ்டோரி’யின் தொடர்ச்சி அன்று. ஆண்டி என்ற சிறுவன் 1995இல் பார்த்த படம் என்ற கற்பனையின் அடிப்படையில் எடுக்கப்பட்ட கிளைப் படம். வுடி இல்லை, மற்றப் பொம்மைகளும் இல்லை, பஸ் என்பவனும் பொம்மையாக இல்லாமல் விண்வெளி வீரனாக வந்தான். மக்கள் நேசித்தது பொம்மைகளுக்கிடையிலான உறவை. அந்த உறவு இல்லாத இடத்தில் பெயர் மட்டும் அவர்களை அழைத்துவர முடியவில்லை. பஸ்ஸுக்குக் குரல் கொடுத்த டிம் ஆலனுக்குப் பதிலாகக் கிறிஸ் எவான்ஸ் வந்ததைத் தோல்விக்குக் காரணமாகச் சிலர் சொன்னார்கள். ‘இன்சைடு அவுட் 2’இலும் அச்சம், அருவருப்பு ஆகிய இரு பாத்திரங்களின் குரல்கள் மாறியிருந்தன, வசூலில் அதன் சுவடே தெரியவில்லை. குரல் மாற்றத்தைவிட, ரசிகர் நேசித்த உறவு தொடர்கிறதா என்பதே எடை மிகுந்த கேள்வி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

‘எலிமென்டல்’ வேறு வகையில் தவறாகப் படிக்கப்பட்டது. அது அடுத்த பாகமே அன்று. முற்றிலும் புதிய கதை. புதிய கதையின் தொடக்க வசூலை வைத்து, ஒன்பது ஆண்டுகளாக வீடுகளில் பார்க்கப்பட்டுவந்த ஒரு படத்தின் தொடர்ச்சியை மதிப்பிடுவதற்கு அடிப்படையே இல்லை. அதோடு, 2.96 கோடியில் தொடங்கிய அந்தப் படம் வட அமெரிக்காவில் 15.4 கோடியில் முடிந்தது. தொடக்கத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். உலக அளவில் 49.6 கோடியை எட்டியது. பிக்சார் படங்களைத் திரையரங்கில் பார்க்கும் பழக்கம் செத்துவிட்டது என்றால் இந்த நீண்ட ஓட்டம் நடந்திருக்க முடியாது. நல்ல படம் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன பிறகு குடும்பங்கள் வந்தன. அதாவது பழக்கம் அழியவில்லை, எச்சரிக்கை கூடியிருந்தது. முன்பே நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு கதைக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படாது என்று 2023 கோடையிலேயே ஊகித்திருக்கலாம்.

அடுத்த பாகம் என்றாலே வளரும் என்பதற்கு எதிரான சான்றுகளும் உண்டு. பிக்சாருக்கு வெளியே அவை ஏராளம். 2016இல் 10.44 கோடியில் தொடங்கிய ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்’, மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் பாகத்தில் 4.67 கோடிக்கு விழுந்தது. லெகோ படத்தின் சரிவும் ஏறத்தாழ அதே அளவு. அங்கே இரண்டு பாகங்களுக்கு நடுவில் அதே பெயரில் இரண்டு கிளைப் படங்கள் வந்து பசியைத் தீர்த்துவிட்டிருந்தன. முதல் பாகத்தின் வசூலில் எவ்வளவு புதுமையால் வந்தது, எவ்வளவு பற்றால் வந்தது என்று பிரித்தறிய வேண்டும். புதுமைக்காக வந்தவர் திரும்பி வரமாட்டார். பற்றுக்கொண்டவர் தன்னோடு இன்னொருவரையும் அழைத்துவருவார். முதல் பாகத்தின் ஓட்டம் இதற்கு ஒரு தடயம் தருகிறது. 2015இல் ‘இன்சைடு அவுட்’ தொடக்கத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வசூலித்து, வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 35.6 கோடியை எட்டியது. கோடைக்கால வெளியீட்டுக்கு அது மிக நல்ல அளவு.

வியாழன் இரவு

கணிப்பைத் திருத்தக் கடைசி வாய்ப்பு ஜூன் 13, வியாழக்கிழமை இரவு வந்தது. வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்கு முந்தைய இரவே நடத்தப்படும் முன்காட்சிகள் 1.3 கோடி ஈட்டின. குடும்பப் படங்களில் முன்காட்சி வசூலுக்கும் வார இறுதி வசூலுக்கும் உள்ள விகிதம் ஓரளவு நிலையானது. ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ 1.85 கோடி முன்காட்சி வசூலிலிருந்து 18.27 கோடிக்குச் சென்றது. ஏறத்தாழ பத்து மடங்கு. ‘டாய் ஸ்டோரி 4’ 1.2 கோடியிலிருந்து 12.09 கோடி; அதுவும் பத்து. ‘லைட்இயர்’கூட இதே விகிதத்தில்தான் நின்றது. ‘எலிமென்டல்’ பன்னிரண்டு மடங்கைத் தொட்டது. ஆகவே 1.3 கோடி என்ற எண் வெளியான கணத்திலேயே பதின்மூன்று முதல் பதினாறு கோடி வரையிலான வீச்சு உறுதியாகிவிட்டது. உண்மை விகிதம் 11.9. வெள்ளிக்கிழமை வசூல், முன்காட்சிகளையும் சேர்த்து, ஆறு கோடியைத் தாண்டியபோது ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் தந்தையர் நாள் என்பதும், பெரும்பாலான பள்ளிகள் விடுமுறை விட்டிருந்ததும் அந்த வார இறுதிக்குத் துணைநின்றன. இவை இரண்டும் நாள்காட்டியில் ஓராண்டுக்கு முன்பே எழுதியிருந்த செய்திகள்.

திரையரங்கு நடத்துபவருக்கு இந்தத் தாமதம் வெறும் புள்ளிவிவரச் சிக்கல் அன்று. எத்தனை திரைகள், எத்தனை காட்சிகள், எத்தனை ஊழியர்கள் என்பதை அவர் திங்கட்கிழமையே முடிவு செய்தாக வேண்டும். வியாழன் இரவு வந்து சேரும் உண்மை அவருக்கு மூன்று நாள் பிந்திய உண்மை. குறைத்து மதிப்பிடுவதில் படநிறுவனத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: எதிர்பார்ப்பு தாழ்வாக இருந்தால் வரும் தொகை வெற்றியாகத் தெரியும். அரங்க உரிமையாளருக்கு அந்த வசதி இல்லை. இருவரும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறையின் பழைய குறை என்று கருதுகிறேன்.

தொடக்கம் ஒரு கேள்வி, மொத்தம் இன்னொரு கேள்வி

முதல் வார இறுதி, வெளியீட்டுக்கு முன்பே சேர்ந்திருந்த ஆவலின் அளவு. அதற்குப் பின் வருவது படத்தின் தரத்துக்கும், வாய்வழிப் பேச்சுக்கும், போட்டிக்கும், நாள்காட்டிக்கும் உரியது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் இரண்டுமே தவறும். ‘இன்சைடு அவுட் 2’ இரண்டாம் வார இறுதியில் 34 விழுக்காடு மட்டுமே குறைந்து 10.12 கோடி ஈட்டியது. அனிமேஷன் படம் ஒன்று இரண்டாம் வார இறுதியில் பத்துக் கோடியைத் தாண்டியது அதுவே முதல் முறை. வெளியான 19 நாட்களில் உலக வசூல் நூறு கோடியை எட்டியது. வட அமெரிக்க மொத்தம் 65.3 கோடி, தொடக்கத்தைப் போல் 4.2 மடங்கு. இதற்கு மாறாக ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ இதைவிடப் பெரிதாகத் தொடங்கியும் 3.3 மடங்கோடு 60.9 கோடியில் முடிந்தது. திரையரங்கிலிருந்து வெளியே வரும் பார்வையாளர்களிடம் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர் இந்தப் படத்துக்கு ‘ஏ’ கொடுத்திருந்தது. டிஸ்னி நிறுவனம் படத்தைத் தன் ஓடிடி தளத்துக்கு உடனே கொண்டுபோகவும் இல்லை. செப்டம்பர் 25 வரை அந்தத் தளத்தில் படம் வரவில்லை. காத்திருந்தால் வீட்டில் பார்க்கலாம் என்ற நினைப்புக்கு எதிராக நிறுவனமே எடுத்த முடிவு அது. அதன் பங்கை எண்ணாகப் பிரித்துச் சொல்ல இயலாவிட்டாலும், நீண்ட ஓட்டத்துக்கு அது உதவியிருக்கும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குத் தீவிரமான எடுத்துக்காட்டு 2022 டிசம்பரில் வந்த ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’. முதல் பாகம் 2011இல் 3.41 கோடியில் தொடங்கியது. இதுவோ வெறும் 1.24 கோடியில் தொடங்கியது. தொடக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அன்றே கணக்கை மூடியிருப்பார்கள். வாரந்தோறும் மெல்ல மெல்லக் குறைந்து, பதினைந்து மடங்கு சென்று, 18.6 கோடியையொட்டி அது முடிந்தது.

வெளிநாட்டு வசூல் மூன்றாவது கேள்வி. ‘இன்சைடு அவுட் 2’ வட அமெரிக்காவுக்கு வெளியே 104 கோடிக்கு மேல் ஈட்டியது. முதல் பாகம் ஈட்டியதைப் போல் இரு மடங்குக்கும் மேல். மெக்சிகோவில் மட்டும் பத்துக் கோடியைத் தாண்டி, அந்நாட்டில் அதுவரை எந்தப் படமும் பெறாத வசூலைப் பெற்றது. பிரேசிலிலும் புதிய சாதனை படைத்தது. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஐந்து மாதம் கழித்து

2024 நவம்பர் 27 அன்று ‘மோவானா 2’ வந்தபோது இந்த அனுபவம் எவ்வளவு பயன்பட்டது என்று பார்க்க முடிந்தது. முதல் பாகம் 2016இல் நன்றி நவிலும் நாள் விடுமுறையின் ஐந்து நாட்களில் 8.2 கோடி ஈட்டியது. இரண்டாம் பாகத்துக்கு ஐந்து நாட்களில் சுமார் பன்னிரண்டு முதல் பதினைந்து கோடி வரை எதிர்பார்த்தார்கள். வந்தது 22.5 கோடி. மதிப்பீடு உயர்ந்திருந்தது உண்மைதான்; ஆனால் பிழையின் அளவு குறையவில்லை.

இங்கே புறக்கணிக்கப்பட்ட சான்று இன்னும் வெளிப்படையானது. நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் அமெரிக்க ஓடிடி தளங்களில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட திரைப்படம் ‘மோவானா’; ஓராண்டில் 1,160 கோடி நிமிடங்கள். ஏழு ஆண்டு பழைய படம் ஒன்று புதிய படங்களையெல்லாம் பின்தள்ளிய நிலை அது. 2016இல் பிறக்காத குழந்தைகள் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். முதல் பாகத்தின் திரையரங்கு வசூல் அந்தக் குழந்தைகளை எண்ணவில்லை, எண்ணியிருக்கவும் முடியாது. அடுத்த பாகத்தின் பார்வையாளர்கள் இரண்டு வெளியீடுகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வீட்டுக் கூடங்களில் உருவாகிறார்கள் என்ற என் கருத்துக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேறு தெரியவில்லை.

அதே படம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. சினிமாஸ்கோர் முதல் பாகத்துக்கு ‘ஏ’யும் இரண்டாம் பாகத்துக்கு ‘ஏ மைனஸ்’உம் கொடுத்தது. முதல் பாகம் தன் ஐந்து நாள் வசூலைப் போல் மூன்று மடங்கு ஓடியது. இரண்டாம் பாகம் இரண்டு மடங்கோடு, 46 கோடியில் நின்றது. சேர்ந்திருந்த ஆவல் மிகப் பெரிது. பார்த்தவர்கள் பிறரிடம் சொல்லி அனுப்பியது அந்த அளவுக்கு இல்லை.

ஆகவே 2024 ஜூன் முதல் வாரத்தில் எழுதியிருக்க வேண்டிய மதிப்பீடு ஒற்றை எண் அன்று. பிக்சாரின் எட்டு விகிதங்களிலிருந்து தொடங்கி, சந்தைச் சுருக்கத்துக்காகச் சற்றுக் கழித்து, கருத்துக்கணிப்புக்கும் ஓரளவு எடை கொடுத்தால், நடு மதிப்பு பதினொன்று அல்லது பன்னிரண்டு கோடி, கீழ் எல்லை எட்டு, மேல் எல்லை பதினேழு என்று வந்திருக்கும். இந்த வீச்சின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட நீண்டது என்பது முக்கியம். குடும்பப் படம் ஒன்று எதிர்பார்ப்புக்குக் கீழே விழுந்தால் பாதி வரை விழும். மேலே போனால் எங்கே நிற்கும் என்று சொல்வது கடினம். 2025 ஜனவரி 29 அன்று சீனாவில் வெளியான ‘நெ ஜா 2’ இதற்குச் சான்று. 2019இல் வந்த அதன் முதல் பாகம் சுமார் 500 கோடி யுவான் ஈட்டியிருந்தது. இரண்டாம் பாகம் 1,500 கோடி யுவானைத் தாண்டி, பெரும்பாலும் ஒரே நாட்டின் வசூலைக் கொண்டே, ‘இன்சைடு அவுட் 2’ வசமிருந்த அனிமேஷன் வசூல் சாதனையைப் பறித்துக்கொண்டது.

ஒரு கேள்விக்கு இந்த ஆய்வால் விடை தர முடியவில்லை. நீண்ட இடைவெளியே ஆவலை வளர்க்கிறதா, அல்லது அந்த இடைவெளியில் நடக்கும் வீட்டுப் பார்வைதான் வளர்க்கிறதா? ‘இன்சைடு அவுட்’டுக்கு ஒன்பது ஆண்டு, ‘மோவானா’வுக்கு எட்டு ஆண்டு, இரண்டிலும் இரண்டு காரணிகளும் ஒன்றாகவே வந்தன. வீடுகளில் இடைவிடாமல் பார்க்கப்படும் ஒரு படத்துக்கு இரண்டே ஆண்டுகளில் அடுத்த பாகம் வந்தால் அந்த வசூல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். ஆனால் இத்தகைய அனிமேஷன் படம் ஒன்றை உருவாக்கவே வழக்கமாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், அந்தச் சோதனை எளிதில் வாய்க்கப்போவதில்லை.